வெட்ட வெட்டப் பகா எண்

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகள் 7,39,39,133 அபூர்வமான எண் என்கிறாள். அதில் அப்படி என்ன இருக்கிறது? (வாசகி, செம்பூர், மும்பை)

பதில்: பெண் சொல்வது சரிதான். இது பகா எண், அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண். கடைசி இலக்கத்தை வெட்டினால் 73,93,913. அதுவும் பகா எண். அப்புறம் 7,39,391, 73,939, 7,393, 739, 73, 7. எல்லாமே பகா எண்கள்! 7,393ஐ மட்டும் மாட்டுங்காவில் ரயிலேறி, பென்சிலால் 83 வரையிலான பகா எண்களால் வகுத்துப் பார்த்தேன். பைக்குலா வருவதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இந்த வகை எண்களில் இதுதான் மிகப் பெரியது. பின்னால் 1 அல்லது 7 சேர்த்தால் இலக்கங்களின் கூட்டுத்தொகை 39 அல்லது 45, 3 வகுத்துவிடும். 3, 9 சேர்த்தாலும் பகா எண் கிடைப்பதில்லை. இரட்டை எண்ணும் 5ம் எப்படியும் ஆகாது.