வொலார் காசு, க்ளோ கைவண்ணம்: பிரெஞ்சு வண்ணக் கல்லச்சு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: 1890களின் பாரிஸில் கல்லச்சுப் படங்களுக்கு, அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் படங்களுக்கு, பதிப்பாளர் எதற்கு? விற்றுக் கொடுக்க மட்டும்தானா?

பதில்: இல்லவே இல்லை. லாஃபீத் தெருவில் ஓவியக் கடை வைத்திருந்த அம்ப்ருவாஸ் வொலாரைப் பாருங்கள். அச்சுக்கலையே தொழிலாகக் கொண்டவர்களை விட்டுவிட்டு, ஓவியர்களைத் தேடிப் போய்க் கல்லில் வரையச் சொன்னார். கல், தாள், அச்சு எல்லாச் செலவும் அவருடையது. 1899இல் ஓவியர் போனாரின் பாரிஸ் காட்சிகளும், ஓவியர் வுய்யாரின் நிலக்காட்சிகளும் வீட்டு உட்காட்சிகளும் கொண்ட தொகுப்பும் அப்படித்தான் வந்தன. ஒவ்வொன்றிலும் 12 படம், ஒரு மேலட்டை; 100 பிரதி.

கேள்வி: ஒரு படத்துக்கு எத்தனை கல் தேவை?

பதில்: பொதுவாக நிறத்துக்கு ஒரு கல். நான்கு நிறம் என்றால் ஒரே தாள் நான்கு முறை அச்சுக்குப் போகும். மயிரிழை விலகினாலும் ஓரத்தில் பிசிறு தெரிந்துவிடும். போனார் சில நிறங்களோடு நிறுத்திக்கொண்டு, மை படாத தாளையும் ஒரு நிறமாக்கிவிடுவார். நான்கைந்து நிறங்களை வைத்தே சாயல்களுக்குள் உறவை அமைக்க வேண்டியிருந்ததால் ஓவியத்திலும் நிறையக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: சில படங்களுக்கு வண்ணக் கற்களைத் தயாரித்தது அச்சுக்காரர் என்கிறார்களே; அப்படியென்றால் அதை ஓவியரின் அசல் என்று எப்படிச் சொல்வது?

பதில்: நியாயமான சந்தேகம். ஓவியர் செசானின் பெரிய 'குளிப்பவர்கள்' படத்தில் இதை நேராகவே பார்க்கலாம். செசான் கறுப்பில் வரைந்தார். அந்தக் கறுப்புப் பிரதி ஒன்றில் நீர்வண்ணம் தீட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்து வண்ணக் கற்களை உருவாக்கியவர் அகுஸ்ட் க்ளோ. வொலாரின் பல தொகுப்புகளை அச்சிட்டவரும் அவர்தான். என்னைக் கேட்டால், செசான் பெயர் போடும் இடத்தில் க்ளோவின் பெயரும் வர வேண்டும். பல விவரக் குறிப்புகளில் அது விடுபட்டுப்போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி: லாபம் வந்ததா?

பதில்: வொலாரின் தொகுப்புகள் மிக மெதுவாகத்தான் விற்றன. ஓவியர் துலூஸ்-லோத்ரெக்கின் 'எல்' (பிரெஞ்சில் பெண்களைக் குறிக்கும் 'அவர்கள்') தொகுப்பை 1896இல் வெளியிட்ட குஸ்தாவ் பெல்லேயும் 100 பிரதி போட்டார். தொகுப்பாக வாங்க ஆள் வரவில்லை, தனித்தனியாக விற்றார்.

கேள்வி: அப்படிப் பிரிந்துபோன தாளை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: பெல்லே பிரதிக்குப் பிரதி எண் போட்டு, தன் சுருக்கொப்பமும் இட்டார். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் அவர் பெயரும் லோத்ரெக் பெயரும் நீரெழுத்தாகத் தெரியும். ஓரம் வெட்டப்பட்ட தாளில் இவை போயிருக்கலாம். வாங்குவதற்கு முன் தாளின் முழு அளவைக் கேட்டுவிடுங்கள்.