கோழிக் காலில் இருந்து டைனோசர் வரைக்கும்: கேள்வி பதில்

பாளையங்கோட்டைப் பக்கம் ரொம்ப வருஷம் விலங்கியல் வாத்தியாரா இருந்தவன். சின்னப் பிள்ளைகளுக்கு டைனோசர் சொல்லிக்கொடுக்கிறதைப் பத்திக் கேளுங்க, சொல்லுதேன்.

வள்ளியூர் அம்மா: சார், அஞ்சு வயசு மகன் 'தாத்தா டைனோசரைப் பாத்தாரா'ன்னு கேக்கான். கோடி வருஷத்தை எப்படிப் புரியவைக்க?

கோடிக்கணக்கு வேண்டாம், கிணத்துக் கயிறை எடுங்க. ஒரு மீட்டர்னா ஒரு கோடி வருஷம். வாசப்படியில இருக்க நுனி இன்னைக்கு. தெருவுல 23 மீட்டர் தள்ளிப் போனா முதல் டைனோசர்கள். 6.6 மீட்டர்ல ஒரு துணியைக் கட்டுங்க, விண்கல் விழுந்து பெரிய டைனோசரெல்லாம் ஒழிஞ்ச இடம் அது. நம்ம மனுஷ இனம்? வாசப்படியை ஒட்டி மூணே சென்டிமீட்டர். என் பேத்தி குனிஞ்சு, அதுக்குள்ள தாத்தா எங்கேன்னு தேடினா. எறும்புக் கண்ணுக்கும் தெரியமாட்டேன்னு சொன்னேன்.

அம்பாசமுத்திரம் தாத்தா: ஓணானும் உடும்பும் டைனோசர் குட்டின்னு பேரன்கிட்ட சொல்லிட்டேனே, தப்பா?

தப்புதான் அண்ணாச்சி. ஓணானுக்குக் கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சிருக்கும். டைனோசருக்குக் கோழி மாதிரி, உடம்புக்கு நேர் கீழே. கோழிக் காலுல இருக்க செதிலைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. பறவைகளே டைனோசர் வம்சம்தான். அதனால 'டைனோசர் பாக்கப் போறோம்'னு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம், பொய்யில்ல. நாரை நடக்கிற நடையைப் பாருங்க, உங்களுக்கே புரிஞ்சிரும்.

களக்காடு அம்மா: பையன் எலும்பு தேடிக் கொல்லையைத் தோண்டிப் போட்டுட்டான். நம்ம ஊர்ல கிடைக்குமா?

கிடைக்காதும்மா. நம்ம காலடிப் பாறை டைனோசருக்கெல்லாம் ரொம்ப முந்தியது, பூமிக்குள்ள வெந்து உருமாறினது. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டுல கிடைச்ச பெரிய எலும்புகளைப் பத்தி 1987-ல் எழுதினாங்க. அதுவும் பொடிஞ்சு போச்சு. ஆனா மத்தியப் பிரதேசத்துல தார் மாவட்டத்துல 92 கூடு, 256 முட்டைன்னு 2023-ல் செய்தி வந்துச்சு. ஒரு முட்டை நம்ம பனம்பழம் அளவு. நாலஞ்சு பனம்பழத்தைக் கொல்லையில வட்டமாப் புதைச்சு வைங்க, பையன் தூரிகையால மண்ணைத் தள்ளி எடுக்கட்டும். பொறவு கழுவிச் சுட்டுத் தின்னுக்கலாம்.

பேட்டை அப்பா: மூணு வயசு மக, வீடியோ பாத்துட்டு ராத்திரி அழுதா.

உறுமலை நிறுத்துங்க. அந்தச் சத்தத்தை எவனும் கேட்டதில்ல, சினிமாக்காரங்க சேத்தது. குஞ்சு பொரிக்கிற படமாக் காட்டுங்க.

தென்காசி ஆச்சி: பேரு ஒண்ணும் வாயில நுழையல தம்பி.

பிள்ளைக்கு நுழையும் ஆச்சி. 'எனக்குச் சொல்லிக் குடு'ன்னு கேளுங்க, அவன் ஒரு வாரம் உங்க பக்கத்தை விட்டு நகரமாட்டான்.