1987 டாப்ஸ் பாக்கெட்: பிரிக்கலாமா, வைக்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். பக்கத்துத் தெரு கராஜ் சேலில் டாப்ஸ் கம்பெனியின் 1987ஆம் வருஷத்து பேஸ்பால் கார்டு, அதாவது ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள், பாக்கெட் மூன்று கிடைத்தது. மூன்றும் இன்னும் பிரிக்காதவை. பத்து வயது மகன் தினமும் ‘பிரிக்கலாமாப்பா?’ என்கிறான். அப்படியே வைத்தால் பின்னாளில் நல்ல விலை போகுமா? பிரிப்பதென்றால் கார்டு கெடாமல் எப்படிப் பிரிப்பது? உள்ளே இருக்கும் பபுள்கம்மைச் சாப்பிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் பிள்ளை இருப்பதால். சாப்பிடவே கூடாது. கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துப் பண்டம் அது. வாயில் போட்டால் மெல்ல வராது, சில்லுச் சில்லாக உடையும்.

விலைக்காகக் காத்திருக்க வேண்டாம். 1980களின் பிற்பாதியில் தொடங்கி 90களின் ஆரம்பம் வரை கம்பெனிகள் கார்டுகளை அச்சடித்துத் தள்ளின. சேகரிப்பவர்கள் அதை ‘ஜங்க் வாக்ஸ்’ (மெழுகுத்தாள் குப்பை) காலம் என்பார்கள். வாங்கியவர்களும் பிற்காலச் சொத்து என்று பெட்டி பெட்டியாகப் பத்திரப்படுத்தினார்கள். அதனால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. 1952 டாப்ஸ் செட்டின், அதாவது அந்த வருஷத்துக் கார்டு வரிசையின், கதையே வேறு. அதில் விற்காமல் தேங்கியதை 1960இல் அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மிஞ்சியது கொஞ்சம்தான். அந்த செட்டின் 311ஆம் எண், பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. உங்கள் 1987 கார்டுகளை யாரும் கடலில் கொட்டவில்லை. அதனால் தாராளமாகப் பிரியுங்கள். இதுவே 60கள், 70களின் பாக்கெட்டாக இருந்திருந்தால், பிரிக்காமல், அசல்தானா என்று சரிபார்க்க நிபுணர்களுக்கு அனுப்புங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிரிப்பதற்கு முன் பாக்கெட்டின் முதுகைப் பாருங்கள். மெழுகுத்தாளை மடித்துச் சூடுகாட்டி ஒட்டிய இடம் அது. மடிப்பு பழைய தடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மெழுகு உருகிய அடையாளம் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒரு கார்டு கண்காட்சியில் நான் ஆசையாக வாங்கிய பாக்கெட்டில் அடையாளம் இரண்டு இருந்தது, பழைய தடத்துக்கு ஒரு நூல் தள்ளி இன்னொன்று. வீட்டுக்கு வந்து விளக்கடியில் பிடித்தபோதுதான் கண்ணில் பட்டது. நல்ல கார்டுகளை உருவிவிட்டு, சாதாரணமானவற்றை வைத்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். அன்றைக்குப் பட்ட வலி இன்னும் இருக்கிறது.

கம்கூட சில நேரம் சாட்சி சொல்லும். 1981இல் போட்டிக் கம்பெனிகளான ஃப்ளியர், டான்ரஸ் பாக்கெட்டுகளிலும் கம் இருந்தது. கம்மோடு கார்டு விற்கும் உரிமை டாப்ஸுக்குத்தான் என்று அந்த வருஷமே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட, மறு வருஷத்திலிருந்து ஃப்ளியரில் ஸ்டிக்கரும் டான்ரஸில் புதிர்ப்படத் துண்டுகளும் வந்தன. 1982 ஃப்ளியர் பாக்கெட்டுக்குள் கம் தட்டுப்பட்டால் உஷாராகிவிடுங்கள்.

இனி பிரிக்கும் விதம். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். கையில் எண்ணெய், லோஷன் கூடாது. மேஜையில் துணி விரித்துப் பாக்கெட்டைக் குப்புற வையுங்கள். ஒட்டியிருக்கிறதே என்று ஹேர் டிரையர் காட்டாதீர்கள், மெழுகு உருகிக் கார்டில் இறங்கிவிடும். நகத்தை மடிப்புக்கடியில் விட்டு மெதுவாக நெம்பினால் போதும். இலைப் பொட்டலத்தைப் பிரிப்பதுபோலத் தாளை நாலாபக்கமும் விரித்துவிட்டு, கார்டுகளை அடுக்காகத் தூக்குங்கள். தாளுக்குள்ளிருந்து உருவினால் முனை மடங்கும். இந்த செட்டுக்கு மரப்பலகை மாதிரி பழுப்புக் கரை. முனையில் லேசாகத் தேய்ந்தாலும் வெள்ளை பளிச்சென்று தெரியும்.

பாக்கெட்டுக்கு 17 கார்டு. பேரி பாண்ட்ஸ் 320, மார்க் மெக்வையர் 366, போ ஜாக்சன் 170: இந்த மூன்று வீரர்களின் கார்டு எண்களை மகனிடம் சொல்லி வையுங்கள், தேடுகிற சுகமே தனி. வந்தால் உடனே மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை டாப்லோடர் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் செருகிவிடலாம்.

கம்மை ஒட்டியிருந்த கார்டில் கறை இருக்கும். கம் தூளை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், சுரண்ட வேண்டாம். முன்பக்கம் மெழுகு படிந்திருந்தால் பழைய நைலான் ஸ்டாக்கிங்ஸை விரலில் சுற்றி மென்மையாகத் தேய்க்க, பெரும்பாலும் போய்விடும். பின்பக்கம் பூச்சில்லாத வெறும் அட்டை. அதில் ஊறிய கறை ஊறியதுதான். தேய்த்தால் அட்டைதான் பிய்யும்.

பிரித்த மெழுகுத்தாளையும் குப்பையில் போடாதீர்கள். அதைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒட்டியிருக்கும் கம் துணுக்கை உதறிவிட்டு, எறும்பு வராத இடமாகப் பார்த்து ஒரு கனத்த புத்தகத்துக்கடியில் இரண்டு நாள் வைத்தால் தட்டையாகிவிடும்.