வாசகர் கேள்வி: அஞ்சாங்கல், ஈயத் தகடு, காடியில் கரைந்த முத்து

தொண்டி வாசகி: அழகன்குளத்தில் ரோமானியக் காசும் மதுச்சாடி ஓடும் கிடைத்திருக்கின்றன. நாங்கள் ஆடும் அஞ்சாங்கல்லும் அந்தக் கப்பலில்தான் வந்திறங்கியதா? அங்கே ஆட்டு எலும்பில் ஆடினார்களாமே?

ஆடினார்கள். அதுவும் நீங்கள் ஆடுகிற மாதிரியேதான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சொற்களைத் தொகுத்த பொல்லக்ஸ் இதற்கு 'பெந்தெலிதா' என்று பெயர் தருகிறார். ஐந்து கல் என்று பொருள். ஐந்தையும் மேலே வீசி, கையைப் புரட்டி, புறங்கையில் தாங்க வேண்டும். கீழே விழுந்தவற்றை, புறங்கையில் நிற்பது சிந்தாமல் விரலாலேயே பொறுக்க வேண்டும். இது பெரும்பாலும் பெண்கள் ஆட்டம் என்றும் எழுதியிருக்கிறார். இத்தாலியில் எரிமலையில் புதைந்த ஹெர்குலேனியம் நகரில் கிடைத்த பளிங்குப் பலகை ஓவியம் ஒன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இரண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்து இதைத்தான் ஆடுகிறார்கள்.

கப்பலில் வந்ததா என்றால், காசும் ஓடும் வந்ததற்கு மண்ணில் தடயம் உண்டு, ஆட்டத்துக்கு இல்லை. கையும் கூழாங்கல்லும் இருக்கிற இடத்தில் இதை எவரும் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது என் கட்சி.

எலும்பில் ஆடிப் பார்க்க ஆசை என்றால் கறிக்கடையில் பின்னங்கால் கேளுங்கள். முன்னங்காலில் இந்த எலும்பு கிடையாது. பின்னங்கால் மடிகிற கணுமூட்டுக்குள், சுமார் 3 செ.மீ. நீளத்தில் இருக்கும். காலுக்கு ஒன்றுதான், ஐந்து சேர மூன்று ஆடு வேண்டும். நரம்பு கழலும் வரை வேகவைத்து, சுரண்டி, நிழலில் உலர்த்துங்கள். குக்கரில் விசில் மேல் விசில் விட்டால் பாயா நன்றாக வரும், எலும்பு சுண்ணாம்பாக உதிரும்.

இதையே நான்காக உருட்டினால் சூதாட்டம். உருட்டினால் படுக்கும் பக்கங்கள் நான்கு. அகன்ற இரண்டுக்கு 3, 4. குறுகிய இரண்டுக்கு 1, 6. தாயக்கட்டை போலப் புள்ளி வைக்க மாட்டார்கள், எலும்பின் வடிவத்தைப் பார்த்தே எண் சொல்வார்கள். 2, 5 இந்த ஆட்டத்தில் இல்லை. நான்கும் வெவ்வேறாக விழுந்தால் 'வீனஸ்', நான்கிலும் 1 விழுந்தால் 'நாய்'. பேரரசர் அகஸ்டஸ் விருந்தில் ஆடிய கணக்கு அவர் கடிதத்திலேயே இருக்கிறது: 1 அல்லது 6 விழுந்தால் எலும்புக்கு ஒரு தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) நடுவில் வைக்க வேண்டும், வீனஸ் போட்டவர் மொத்தத்தையும் அள்ளிக்கொள்ளலாம். உள்ளே ஈயம் ஊற்றிய எலும்புகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. எதற்கு ஊற்றினார்கள் என்று சூதாடிகளுக்குச் சொல்ல வேண்டாம்.

உச்சிப்புளி வாசகர்: நம் பக்கம் செய்வினைக்குச் செப்புத் தகடு எழுதுவார்கள். ரோமில்?

ஈயம். வெள்ளி பிரிக்கும்போது கழிவாகக் கிடைப்பது, தண்ணீர்க் குழாய்க்கே பயன்பட்டது, ஆகவே மலிவு. வலையில் கட்டும் ஈயக்குண்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தவருக்குத் தெரியும், அடுப்பில் வைக்காமலே அப்பளமாக விரியும். (தட்டியவர் கை கழுவாமல் சோற்றில் கைவைக்க வேண்டாம்.) அந்தத் தகட்டில் எழுத்தாணியால் கீறி, எழுத்து உள்ளே போகும்படி சுருட்டியோ மடித்தோ, சில வேளை ஆணியும் அடித்து, கிணற்றில் போடுவார்கள், அல்லது அகாலமாகச் செத்தவர் குழியில் செருகுவார்கள். 'இந்த ஈயம் குளிர்ந்து கிடப்பதுபோல அவனும் கிடக்கட்டும்' என்ற வாசகமே உண்டு. ஏதென்ஸில் பெரும்பாலும் வழக்காடுகிற எதிராளியின் நாக்கைக் கட்டத்தான் எழுதினார்கள்.

ஆள் மாறிவிட்டால்? அந்தப் பயம் நிறைய இருந்திருக்கிறது. பிற்காலத் தகடுகளில் தகப்பன் பெயருக்குப் பதில் தாய் பெயர் எழுதுவது அதனால்தான் என்பார்கள்; தாய் யாரென்பதில் சந்தேகம் வராதே. திருடன் யாரென்றே தெரியாவிட்டால் 'ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ' என்று எல்லாரையும் வளைத்துப் போடுவார்கள். இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றில் இப்படிச் சுமார் 130 தகடுகள் கிடைத்தன. பெரும்பாலும் குளிக்கப் போன இடத்தில் துணியோ காசோ பறிகொடுத்தவர்களின் மனு. டோசிலியானஸ் என்பவர் தலைமூடிய மேலங்கியை இழந்தவர். எடுத்தவனுக்குத் தூக்கமும் பிள்ளைப்பேறும் கூடாது, அங்கியைக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும் வரை, என்று அந்த ஊற்றின் தேவியிடம் முறையிட்டிருக்கிறார்.

கீழக்கரை வாசகர்: கிளியோபாத்ரா முத்தைக் காடியில் (வினிகரில்) கரைத்துக் குடித்தது நடக்கிற காரியமா?

கரையும், ஆனால் விருந்து முடிவதற்குள் கரையாது. ஒரே விருந்தில் 1 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) செலவழிக்கிறேன் என்று ரோமானியத் தளபதி ஆன்டனியிடம் பந்தயம் கட்டி, காதணி முத்தைக் கழற்றிப் போட்டாள் என்பது ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் கதை. முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஒரு கிராம் முத்துக்கு, கடையில் விற்கும் 5 சதவீத வினிகர் கணக்குப்படி 24 மில்லி போதும். கூடுதலாக ஊற்றுவது நல்லது. குமிழி விட்டுக்கொண்டே இருக்கும், முழு முத்தென்றால் ஒரு நாளாவது பிடிக்கும். இடித்துப் பொடியாக்கிப் போட்டால் சீக்கிரம் வேலை முடியும். கடைசியில் கரையாத மெல்லிய சவ்வு மிதக்கும், அது சிப்பி ஓட்டிலும் உள்ள புரதம். குடித்தால் விஷமில்லை.

உங்கள் ஊருக்கு இன்னொன்று. சுவாதி நட்சத்திர மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகும் என்று நம்மவர்கள் சொல்வது போல, பிளினியும் சிப்பி வாய் திறந்து பனித்துளி வாங்கும் என்கிறார். மேகமூட்டத்தில் வாங்கினால் முத்து மங்கும், இடி இடித்தால் சிப்பி பயந்து மூடிக்கொள்ள உள்ளே வெற்றுக் கூடுதான் மிஞ்சும் என்று கழிவுக்கும் காரணம் வைத்திருக்கிறார். ஏலத்தில் கடைசியாகக் கிடக்கும் முத்துக்கும் ஒரு கதை வேண்டுமல்லவா.

மண்டபம் வாசகி: பூனை குறுக்கே போனால் அவர்களும் நிற்பார்களா?

பூனை அல்ல, கீரி போன்ற வீசல். கிரேக்கத் தத்துவஞானி தியோஃப்ராஸ்டஸ் எழுத்தில் வரைந்த மூடநம்பிக்கைக்காரன் அது குறுக்கே ஓடினால், வேறொருவர் அந்த வழியைக் கடக்கும் வரை நிற்பான், அல்லது மூன்று கல்லை வழிக்குக் குறுக்கே எறிந்துவிட்டு நடப்பான். மாவுப் பையை எலி கடித்துவிட்டால் குறி கேட்கப் போவான். குறிசொல்பவர் 'செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுப்போடு' என்பார். இவன் அதைக் காதில் வாங்காமல் பலி கொடுக்கப் போய்விடுவான்.