பழைய கேம், புதிய கணினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே. பழைய கேம், தான் எழுதப்பட்ட காலத்துக் கணினியைத் தேடுகிறது. அந்தக் கணினியை அதற்குக் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேள்வி: விண்டோஸ் 11-இல் ஒரு டாஸ் கேமைத் திறந்தால், இந்தக் கணினியில் இது இயங்காது என்று வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. டாஸ் என்பது விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம். அதன் கேம்கள் 16 பிட் முறையில் தொடங்குபவை. 64 பிட் விண்டோஸில் அவற்றை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11 வருவதோ 64 பிட்டில் மட்டும்தான். டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். 2002-இல் வெளிவந்த இது, பழைய பிராசஸர், சவுண்ட் பிளாஸ்டர் அட்டை எல்லாவற்றையும் மென்பொருளாகவே உருவாக்கித் தரும். கேம் இருக்கும் ஃபோல்டரை ‘மவுண்ட்’ கட்டளையால் சி டிரைவாக இணைத்து, கேமின் பெயரைத் தட்டினால் போதும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதன் கிளையான டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கைப் பரிந்துரைக்கிறேன். அமைப்புகளில் அதிகம் கை வைக்காமலே நன்றாக ஓடுகிறது.

கேள்வி: கேம் ஓடுகிறது, ஆனால் அசுர வேகம். நான் விசையைத் தொடுவதற்குள் ஆள் செத்துவிடுகிறான்!

1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்துக் கேம்கள் பலவற்றுக்குத் தனிக் கடிகாரம் இல்லை. பிராசஸரின் வேகமே அவற்றின் வேகம். டாஸ்பாக்ஸில் கண்ட்ரோலுடன் எஃப்11-ஐ அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12-ஐ அழுத்தினால் கூடும். இந்த வேகத்தை டாஸ்பாக்ஸ் ‘சைக்கிள்’ என்ற அளவில் சொல்லும். 3000 சைக்கிளில் தொடங்கி, நடை சரியாகத் தோன்றும்வரை மாற்றிப் பாருங்கள்.

சில கேம்கள் ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லித் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அவை டர்போ பாஸ்கல் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டவை. தொடங்கும்போது ஒரு வகுத்தல் கணக்கால் கணினியின் வேகத்தை அளக்கும். வேகம் மிக அதிகமானால் அந்த வகுத்தலின் விடை ஒதுக்கிய இடத்தில் கொள்ளாது. இதற்கும் மருந்து வேகத்தைக் குறைப்பதுதான்.

கேள்வி: 1990களின் கடைசியில் வாங்கிய சிடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எதுவுமே இன்ஸ்டால் ஆகவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். முதலில் காரணத்தைப் பார்ப்போம். அந்தக் கேம்களில் பல 32 பிட்தான், இன்றும் ஓடக்கூடியவை. ஆனால் அவற்றை நிறுவும் நிரல் 16 பிட்டாக இருக்கும். வாசலிலேயே தடுக்கி விழுந்துவிடும். லினக்ஸ் இருந்தால், விண்டோஸ் நிரல்களை அதில் ஓட்டும் வைன் மூலம் முயன்று பாருங்கள், 16 பிட் நிரல்களையும் அது ஓட்டும். விண்டோஸில் அதே வேலைக்கு வைன்விடிஎம் இருக்கிறது.

இரண்டாவது தடை நகல் பாதுகாப்பு. சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு போட்ட சிடிகளைச் சரிபார்க்கும் டிரைவரை, பாதுகாப்புக் காரணத்துக்காக விண்டோஸ் 10 ஏற்பதில்லை. சில கேம்களுக்கு அவற்றைத் தயாரித்தவர்களே பின்னால் வெளியிட்ட திருத்தங்களில் சிடி சோதனையை நீக்கியிருக்கிறார்கள். முதலில் அதைத் தேடுங்கள்.

பழைய விண்டோஸைப் போல நடந்துகொள்ளவைக்கும் கம்பாட்டிபிலிட்டி மோடையும் முயலுங்கள். விண்டோஸ் இந்த விஷயத்தில் நெடுநாளாகவே மெனக்கெட்டு வந்திருக்கிறது. சிம்சிட்டி, தான் விடுவித்த நினைவகத்தையே திரும்பப் படிக்கும் பிழையோடு வந்த கேம். முந்தைய விண்டோஸில் அது வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95-ஐ உருவாக்கியவர்கள், சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, அதற்கு மட்டும் நினைவகத்தை உடனே திரும்ப எடுக்காதபடி செய்தார்கள். ஒரு கேமுக்காக இவ்வளவு அக்கறை காட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

அப்புறம், சிடிகளை இப்போதே நகலெடுங்கள். ஐஎஸ்ஓ கோப்பாக வேண்டாம், பின்–கியூ (BIN/CUE) என்ற வடிவத்தில் எடுங்கள். ஐஎஸ்ஓ தரவை மட்டும்தான் பிடிக்கும், பின்–கியூ ஒலித் தடங்களையும் பிடிக்கும். குவேக் (1996) போன்ற கேம்களின் இசை, சாதாரணப் பாட்டு சிடியைப் போலத் தனி ஒலித் தடங்களாகப் பதிந்திருக்கும். நான் தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ-வாக எடுத்துவிட்டு, அடுத்தடுத்துப் பல கேம்கள் இசையில்லாமல் ஓடியபோதுதான் இதைக் கற்றேன். கீறல் விழுந்த இரண்டு சிடிகளின் இசை திரும்பக் கிடைக்கவே இல்லை.

கேள்வி: வட்டமெல்லாம் முட்டை வடிவில் தெரிகிறது.

அந்தக் கேம் 320 x 200 புள்ளிகளில் வரையப்பட்டது, ஆனால் 4:3 திரையை நிரப்பியது. ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரத்தில் 1.2 மடங்கு. டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்பதை இயக்குங்கள்.

கேள்வி: விற்பனையில் இல்லாத பழைய கேம்களை இலவசமாக இறக்கிக்கொள்வது சரியா?

‘அபான்டன்வேர்’ என்பது ரசிகர்கள் வைத்த பெயர். சட்டத்தில் அப்படி ஒரு வகை இல்லை. விற்பனை நின்றதால் பதிப்புரிமை போய்விடாது. ஆனால் இதில் உண்மையான சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டது. வாங்க நினைத்தாலும் வழியில்லாத நிலை.

என் முறை இது. 2008-இல் தொடங்கிய ஜிஓஜி தளத்தில் முதலில் பார்ப்பேன். நகல் தடை இல்லாமல், இன்றைய கணினிக்கு ஏற்றபடி அமைத்தே தருகிறார்கள். அடுத்து, உரிமையாளர்களே இலவசமாக விட்டவை. ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ 2003 முதல் இலவசம், பழைய சாகச கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம்-இல் அழகாக ஓடும். டூம் (1993) கேமின் நிரல் 1997-இல் திறந்துவிடப்பட்டது. படமும் கட்டங்களும் இலவசம் இல்லை, அவற்றின் இடத்தை நிரப்ப ஃப்ரீடூம் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஆயிரக்கணக்கான டாஸ் கேம்களை பிரவுசரிலேயே ஆடலாம். விளம்பரங்கள் மொய்க்கும் ஊர்பேர் தெரியாத தளங்களிலிருந்து மட்டும் எதையும் இறக்காதீர்கள்.

கேள்வி: ஃப்ளாஷ் கேம்கள்?

பிரவுசரில் இந்தக் கேம்களை ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ரஃபிள் என்ற எமுலேட்டர் பிரவுசரில் பலவற்றை ஓட்டும். அதில் ஓடாதவற்றை ஃப்ளாஷ்பாயிண்ட் தொகுப்பில் தேடுங்கள்.

கேள்வி: பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை நிறையக் குப்பிகள். எதைக் குடித்தாலும் சாகிறேன்.

அது நகல் பாதுகாப்பு. கையேட்டின் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல் என்று திரையில் கேட்கும். அந்தச் சொல்லின் முதல் எழுத்துள்ள குப்பியைத்தான் குடிக்க வேண்டும். பல கேம்களின் கையேடுகள் ஸ்கேன் வடிவில் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கின்றன. உங்களிடம் அச்சுக் கையேடு இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து, சிடி நகல் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.