பாட்டுப் போட்டால் பேச்சு வளருமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டுக்கு நண்பர்கள் வந்தால் மெல்லிதாகப் பாட்டுப் போட்டுவிடுவேன், இல்லாவிட்டால் அறை வெறிச்சென்று இருக்கிறது. ஆனால் அரை மணி நேரத்தில் எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள். என் மாமா மட்டும் எதுவும் பேசாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இசை பேச்சுக்கு உதவுகிறதா, கெடுக்கிறதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாமாவுக்கு அனேகமாகப் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. வயது ஏற ஏற, ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் முதலில் மங்கும். அமைதியான அறையில் சமாளித்துவிடுவார், பின்னால் பாட்டு ஓடினால் முடியாது. திரும்பத் திரும்ப ‘என்ன?’ என்று கேட்பதற்குப் பதில் சிரித்துவைக்கிறார்.

கத்துவதற்குக் காரணம் வேறு. சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரல் ஏறும். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதியது இது, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. நீங்கள் குரலை உயர்த்தினால் அது பக்கத்தில் பேசுகிறவருக்கு இரைச்சல், அவரும் உயர்த்துவார், இப்படியே போய்க் கடைசியில் பாட்டு யாருக்கும் கேட்காது, உடனே ஒரு புண்ணியவான் எழுந்துபோய் வால்யூமைக் கூட்டுவார்! இந்த இரைச்சலில் எட்ட இருப்பவர் பேசுவது கேட்காது என்பதால் எல்லோரும் பக்கத்து நாற்காலிக்காரரோடு ஒதுங்கிவிடுவார்கள், ஒரே அரட்டையாக இருந்தது நாலைந்து துண்டாகிவிடும். வெறும் சுவரும் டைல்ஸுமாக இருக்கும் அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இன்னொன்று, பின்னால் ஓடும் இசையைக் கவனிக்காமல் இருப்பதும் லேசில்லை. எரிக் சாட்டி என்ற இசையமைப்பாளர், யாரும் கவனிக்கக் கூடாத, மேஜை நாற்காலி மாதிரி அறையில் சும்மா கிடக்கிற இசை ஒன்றை எழுதி, 1920இல் பாரிஸில் ஒரு நாடக இடைவேளையில் வாசிக்க வைத்தார். கூட்டமோ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்டது. பேசுங்கள், நடமாடுங்கள் என்று அவரே சொல்லிப் பார்த்தும் பயனில்லை! தெரிந்த மொழியில் வரிகளோடு வரும் பாட்டென்றால் கேட்கவே வேண்டாம், காது பாதி அங்கேதான் இருக்கும்.

அதற்காக இசையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒருவரையொருவர் தெரியாதவர்கள் கூடும்போது முதல் பத்து நிமிஷச் சங்கடத்தை அது நன்றாகவே மறைக்கும், ஹோட்டலில் பக்கத்து மேஜைக்குக் கேட்காமல் ரகசியம் பேசவும் வசதி. ஆனால் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பழகியவர்கள்தானே? ஆட்கள் வந்து உட்காரும்வரை வரிகள் இல்லாத எதையாவது போடுங்கள், பேச்சு சூடுபிடித்ததும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுங்கள், ஒருவரும் கவனிக்கப்போவதில்லை. அப்புறம், மாமாவை ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, எல்லோர் முகமும் தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள், உதட்டசைவைப் பார்த்தாவது பாதியைப் பிடித்துக்கொள்வார்.