33 லட்சம் சம்பளத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

கேள்வி: கோவையில் 40 பேர் உள்ள மென்பொருள் நிறுவனத்தில் 4 ஆண்டு 5 மாதமாக இருக்கிறேன். ஆண்டுக்கு 11 லட்சம், அதில் மாத அடிப்படைச் சம்பளம் 45,000. வாடிக்கையாளரிடம் பேசுவதிலிருந்து சர்வரில் ஏற்றுவதுவரை எல்லாம் நான்தான். பெங்களூரில் ஒரு பெரிய அமெரிக்க டெக் கம்பெனி 33.73 லட்சம் சிடிசி (ஓர் ஊழியருக்காகக் கம்பெனி ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) தருகிறது. ஆஃபர் விவரத்தை இணைத்திருக்கிறேன். வீட்டில் போகச் சொல்கிறார்கள். அங்கே ஒரே வேலையைச் செய்துகொண்டு மூலையில் கிடப்பேனோ என்று பயமாக இருக்கிறது. – வாசகி, கோவை

பதில்: போகலாம். ஆனால் எந்த டீம் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் பணம். உங்கள் ஆஃபரில் நிலையான சம்பளம் 22 லட்சம்தான். மீதி போனஸ் 2.2, ஜாயினிங் போனஸ் 3, கம்பெனிப் பங்குகள் (ஷேர்) 6, கிராஜுவிட்டி (பல ஆண்டு வேலை செய்தவர் விலகும்போது தரும் தொகை) 0.53. அந்த 22-லும் பிஎஃபுக்குக் கம்பெனி பங்காக 1.32, உங்கள் பங்காக 1.32 லட்சம் போய்விடும். வருமான வரிக்கு முன் மாதம் 1.61 லட்சம் நிற்கும். ஜாயினிங் போனஸ் ஒரே ஒரு முறை வருவது. அடுத்த ஆண்டுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

பங்குகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மொத்தம் 24 லட்சம், 4 ஆண்டுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 6. முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் வராது. அதற்குள் வேலை போனால் அத்தனையும் போச்சு. பங்கு உங்கள் கணக்குக்கு வரும் நாளின் சந்தை விலை சம்பளமாகவே கருதப்படும். 100 பங்கு வந்தால் ஏறத்தாழ 30 வரிக்குப் போகும். பிறகு விலை சரிந்தாலும் கட்டிய வரி கட்டியதுதான். வந்ததும் விற்றுவிடுங்கள், சம்பளம், சேமிப்பு இரண்டும் ஒரே கம்பெனியை நம்பி இருக்கக் கூடாது. ஒரே ஒரு வெளிநாட்டுப் பங்கு இருந்தாலும் வருமான வரிக் கணக்குக்கு ஐடிஆர்-1 படிவம் செல்லாது, ஐடிஆர்-2 போட வேண்டும்.

இனி உங்கள் பயம். அது நியாயமானது. ஒரு டைம்-அவுட்டை (பதிலுக்காகச் சர்வர் காத்திருக்கும் நேர வரம்பு) 30 நொடியிலிருந்து 45 ஆக்க உங்களுக்கு இப்போது 10 நிமிடம் போதும். அங்கே தானியங்கிச் சோதனை ஓட வேண்டும், அந்தக் கோப்புக்குப் பொறுப்பான டீம் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், முதலில் 1% சர்வர்களில் விட்டுப் பார்க்க வேண்டும், பிழை கூடவில்லை என்றால் 10%, பிறகு 50%. ஒரு வாரம் ஓடிவிடும். எரிச்சல் வரும். ஆனால் அந்தக் கூடுதல் 15 நொடியில் காத்திருக்கும் கோரிக்கைகள் குவிந்து, இணைப்புகள் தீர்ந்து, பக்கத்துச் சேவையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும் என்பதை, அவ்வளவு கூட்டம் வரும் இடத்தில்தான் கண்ணால் பார்க்க முடியும். இரண்டு ஆண்டாவது இருந்து கற்க வேண்டிய விஷயம் இது.

இழப்பும் உண்டு. பல பெரிய கம்பெனிகளில் நிரலைத் தொகுத்துச் சர்வரில் ஏற்றும் பில்ட், டிப்ளாய் கருவிகளெல்லாம் சொந்தத் தயாரிப்பு. அந்தப் பழக்கம் வெளியே உதவாது. யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் கையை வைத்திருங்கள். அதற்கு முன்அனுமதி வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: கடைசியாகச் சேர்ந்தவர் முதல் 6 மாதத்தில் என்ன செய்து முடித்தார்? ஆன்-கால் சுழற்சியில், அதாவது நள்ளிரவில் கோளாறு வந்தாலும் எழுந்து பார்க்கும் முறையில், எத்தனை பேர்? நான்கு பேர் என்றால் மாதத்தில் ஒரு வாரம் தூக்கம் போகும். முடிவெடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார்? கலிஃபோர்னியாவில் காலை 9 என்றால் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. இதற்கெல்லாம் மழுப்பலான பதில் வந்தால் வேறு டீம் கேளுங்கள்.

பெரிய கம்பெனி என்றால் வேலை நிரந்தரம் என்று வீட்டில் நினைப்பார்கள். 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. 6 மாதச் செலவுப் பணம் சேரும்வரை வீட்டுக் கடன் பேச்சே வேண்டாம்.

ராஜினாமா கடிதத்துக்கு அவசரப்படாதீர்கள். கிராஜுவிட்டிக்கு 5 ஆண்டு வேண்டும் என்றாலும், ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-ல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. வாரம் 5 நாள் இயங்கும் அலுவலகத்துக்குச் சட்டம் சொல்லும் கணக்கு 190 நாள். 90 நாள் நோட்டீஸ் என்றால் நீங்கள் அதன் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். சேரும் தேதியை நாலைந்து வாரம் தள்ளித் தரச் சொல்லிக் கேளுங்கள்; ஏறத்தாழ 1.3 லட்சத்துக்கு உரிமை கோரலாம். எந்தத் தேதிவரை இருக்க வேண்டும் என்று இப்போதைய எச்ஆரிடம் எழுத்தில் வாங்கிய பிறகு கடிதம் கொடுங்கள்.